இலவசப் புகைப்படக் களஞ்சியங்களும் அவற்றின் விலையும்

முன்னாளில் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள விரும்புவோர் நகரத்திலுள்ள புகைப்பட நிலையத்திற்குச் செல்வர். படத்தின் பிரதி அவர்கள் கையில் கொடுக்கப்படும். நெகடிவ் என்னும் மூலச்சுருள் நிலையத்தின் அலமாரியிலேயே தங்கிவிடும். மறுபிரதி வேண்டின் மீண்டும் அந்நிலையத்தையே நாடவேண்டும். சில நிலையத்தார் நன்றாய் அமைந்த படங்களைப் பெரிதாக்கி வாயிற்புறக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், தம் வீட்டுப் பெண்ணின் படம் கடைத்தெருவில் காட்சிப் பொருளானதைக் கண்ட பெற்றோர் வந்து வாதாடி அதனை அகற்றச் செய்வதும் உண்டு. படத்திற்கு விலை கொடுத்தவர் ஒருவர். மூலத்தை வைத்திருப்பவர் மற்றொருவர். படத்தில் இருப்பவர் வேறொருவர். இந்த மூவகைப் பிரிவு புகைப்படக் கலையுடனே பிறந்ததாகும். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதில் ஒரு பகுதியைத் தீர்த்து வைத்தது. ஒருவர் பணம் கொடுத்துத் தம் பொருட்டு எடுக்கச் செய்த படத்தின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடின், அவரையே சாரும் என்பது அதன் விதி. படத்தில் இருப்பவரைப் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை.

இக்காலத்தில் நெகடிவ் இல்லை. ஆனால் அலமாரி இருக்கிறது. கைப்பேசியில் எடுக்கும் படம் பெரும்பாலும் எடுத்தவர் அறியாமலே, பேக்கப் என வழங்கும் தானியங்கி நகலெடுப்பின் வாயிலாக, ஏதோ ஒரு நிறுவனத்தின் தொலைதூரக் களஞ்சியத்தில் போய்ச் சேர்கிறது. அதற்கு வாடகை கேட்கப்படுவதில்லை. வாடகையின்றி இடம் தரும் இந்நிறுவனங்கள் எதனைப் பெற்றுக்கொள்கின்றன, அதனைக் கொடுப்பவர் யார் என்பவை ஆராய்தற்குரிய கேள்விகள். சொந்த வீட்டுப் படங்களைப் பொறுத்தமட்டில் இது அவரவர் விருப்பம். ஆனால் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் பிறருடைய படங்களை எடுக்கின்றனர். அவர்களுக்கு இது கடமை பற்றிய பிரச்சினையாகிறது.

இத்தகைய களஞ்சியங்களின் பயனை மறுப்பதற்கில்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தில் செங்கன்னூர், ஆலுவா முதலிய இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, பத்திரங்களும் படத் தொகுப்புகளும் ஊறி அழிந்தன. வேற்றிடத்தில் நகல் வைத்திருந்தவர் அதனை மீட்டுக்கொள்ள முடிந்தது. கைப்பேசி கிணற்றில் விழுந்தாலும் கருவுற்ற தாய்மாரின் பதிவுப் படங்கள் பிழைக்கின்றன. ஆயிரம் படங்களுள் வேண்டியதொன்றை நொடியில் தேடித் தரும் வசதியும் உண்டு. இவ்வசதி எவ்வாறு இயலுகிறது என்பதிலிருந்தே விஷயம் தொடங்குகிறது.

படத்தினுள் அடங்கியவை

கைப்பேசிப் படம் வெறும் ஒளிப்பதிவு அன்று. ஒவ்வொரு படக்கோப்பின் தலைப்பகுதியிலும் எக்ஸிஃப் எனப்படும் குறிப்பட்டவணை ஒன்று எழுதப்படுகிறது. ஜப்பானியத் தொழில்துறை அமைப்பு ஒன்று 1995-இல் வகுத்த முறை இது. படம் எடுத்த நாள், மணி, நிமிடம், செகண்டு, கருவியின் பெயர், ஒளித்துளையின் அளவு ஆகியவை அதில் இடம்பெறும். இடங்காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்ந்து பதிவாகும்.

இப்பதிவு எத்துணை நுட்பமானது என்பதை மாணவர் தாமே கணக்கிட்டறியலாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் கிடைக்கும். பாகையில் அறுபதில் ஒரு கூறாகிய கலைக்கு 1.85 கிலோமீட்டர், கலையில் அறுபதில் ஒரு கூறாகிய விகலைக்கு 31 மீட்டர் மட்டுமே. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில், ஏறத்தாழ 8 பாகை 30 கலை அட்சரேகையில் உள்ள திருவனந்தபுரத்தில், தீர்க்கரேகையின் ஒரு விகலையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எக்ஸிஃப் அட்டவணை விகலையின் பின்னங்களையும் எழுதுகிறது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். கருவி ஐந்து மீட்டர் அளவிற்கு இடத்தைச் சுட்டவல்லது. ஆகவே நெடுமங்காட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் எடுத்த குழந்தையின் படம், அது எந்த வீட்டுத் திண்ணை என்பதையும், அக்குழந்தை எந்த நாளில் எத்தனை மணிக்கு அங்கிருந்தது என்பதையும் தன்னகத்தே கொண்டிருக்கிறது.

தீங்கு மனிதர்க்கு மட்டுமன்று. அகஸ்தியமலைச் சாரலில் பாலோட்டிலும் கோட்டூரிலும் அரிய செடிகொடிகளைத் தேடிப் படம் எடுப்போர் பலர். மலைவாழ் காணி மக்களிடமிருந்து 1987-இல் விஞ்ஞானிகள் அறிந்த ஆரோக்கியப் பச்சையின் வரலாறு கற்றோர் அறிந்ததே. அத்தகைய செடி ஒன்றின் படத்தை இடக்குறிப்போடு பொதுவில் வைத்தால், பறித்து விற்போர்க்கு அது வழிகாட்டியாகும். இது கருதியே ஐநேச்சுரலிஸ்ட் முதலிய இயற்கைப் பதிவுத் தளங்கள், அழிவுக்குள்ளான இனங்களின் இடத்தைத் துல்லியமாய்க் காட்டாமல் மங்கலாக்கி வெளியிடுகின்றன. ஒரு மலைச்செடிக்குக் காட்டப்படும் இந்த முன்னெச்சரிக்கை பள்ளிப் பிள்ளைகளின் குழுப் படத்திற்குப் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பது வியப்புக்குரியது.

குறிப்பட்டவணையை அழித்துவிடலாம்; அது எளிது. படத்திலுள்ள முகத்தை அழிக்க இயலாது. களஞ்சியத்தை நடத்தும் கணிப்பொறி, படத்தில் முகம் எங்குள்ளதென்று முதலில் கண்டுபிடிக்கிறது. பின்னர் அம்முகத்தை ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது. கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்னும் முறையில் ஒவ்வொரு முகத்திற்கும் 128 எண்கள். ஒரே மனிதரின் இரு படங்கள் தரும் எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும். இரு வேறு மனிதருடையவை விலகியிருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த படத்தையும் நேற்று எடுத்த படத்தையும் ஒரே பெயரின் கீழ்ச் சேர்த்துக் காட்டுவது இவ்வாறே. முகம் கைரேகையைப் போன்ற அடையாளம். ஆனால் கைரேகையைப் பெறத் தொட வேண்டும், முகத்தைப் பெறத் தொட வேண்டுவதில்லை. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்றிக்கொள்வார் இல்லை.

இலவசம் என்பதன் பொருளாதாரம்

படங்களை வைத்திருப்பதற்குச் செலவு உண்டு. ஒரு நகல் பழுதுபட்டால் மற்றொன்று இருக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு படமும் பல இடங்களில் சேமிக்கப்படுகிறது. இயந்திரங்களுக்கு மின்சாரமும், அவற்றின் சூட்டைத் தணிக்கக் குளிர்ச்சியும் இடைவிடாது வேண்டும். இச்செலவை நிறுவனம் தாங்குவதற்குக் காரணங்கள் பல. வந்தவர் பழகிப்போய் வெளியேற மனமின்றித் தங்கிவிடுவது ஒன்று. பிற்காலத்தில் கட்டணம் விதிக்கும்போது அவர்களே வாடிக்கையாளர் ஆவர் என்பது மற்றொன்று. இயந்திரங்களுக்குப் பார்வையறிவைப் பயிற்றுவிக்க எண்ணிறந்த படங்கள் தேவைப்படுவது மூன்றாவது காரணம்; எல்லா நிறுவனங்களும் இதனைச் செய்வதில்லை.

முதலிரண்டிற்கும் கூகிள் போட்டோஸின் வரலாறு சான்றாகும். 2015 மே மாதம் தொடங்கியபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களையும் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம் என்று அது அறிவித்தது. 2020 நவம்பரில் அதில் நான்கு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. அப்போதே, 2021 ஜூன் 1 முதல் இவ்வசதி நிறுத்தப்படும் என்றும், மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட்டே இலவசம் என்றும் அறிவிப்பு வந்தது. படம் ஒன்றுக்கு 3 மெகாபைட் என்று கொண்டால் 15 கிகாபைட்டில் 5,000 படங்கள் அடங்கும். நாளொன்றுக்குப் பத்துப் படம் எடுக்கும் ஊழியர்க்கு அது 500 நாட்களில் நிரம்பிவிடும். தம் களஞ்சியத்துப் படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதில்லை என்று இந்நிறுவனம் கூறுகிறது. அவ்வாக்கை நம்பலாம், ஆனால் நிறுவனத்தின் விதிகள் மாறக்கூடியவை என்பதை மேற்கூறிய ஆறாண்டு வரலாறே காட்டுகிறது. ஃபிளிக்கர் தளமும் 2013-இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாய் அளித்து, 2018-இல் கைமாறிய பின் ஆயிரம் படங்கள் என்று அதனைக் குறுக்கிக்கொண்டது.

மூன்றாவது காரணத்திற்குச் சான்று கலிபோர்னியாவில் இயங்கிய எவர்ஆல்பம் என்னும் நிறுவனம். எவர் என்ற அதன் செயலி படங்களை இலவசமாய்ச் சேமித்துத் தந்தது. அவ்வாறு வந்த படங்கள் சிலவற்றைக் கொண்டு அந்நிறுவனம் முகங்கண்டறியும் முறையைப் பயிற்றுவித்தது. கணக்கை மூடியவர்களின் படங்களும் வாக்களித்தபடி அழிக்கப்படவில்லை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதனைக் குற்றமாகக் கொண்டு, 2021-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, படங்களை மட்டுமன்றி அவற்றிலிருந்து உருவாக்கிய கணிதமுறைகளையும் அழிக்கவேண்டுமென விதித்தது. இதில் கற்பதற்குரிய பாடம் ஒன்று உள்ளது. நெல்லைத் திருப்பிக் கொடுத்தாலும் அதிலிருந்து விதைத்து விளைவித்தது கையில் இருக்கிறதே என்ற நுட்பத்தை ஆணையம் உணர்ந்திருந்தது.

களஞ்சியத்தில் தனியே வைக்காமல் பொதுவில் வைத்த படங்களின் கதி இன்னும் தெளிவானது. 2019 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனம் முக ஆராய்ச்சிக்கென ஏறத்தாழப் பத்து இலட்சம் படங்கள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டது. அவை ஃபிளிக்கர் தளத்தில், மறுபயன்பாட்டுக்கு உரிமம் கொடுத்துப் புகைப்படக்காரர் வைத்திருந்தவை. உரிமம் கொடுத்தவர் படம் எடுத்தவர். முகத்திற்குரியவரை எவரும் கேட்கவில்லை. புகைப்பட நிலையத்துக் கண்ணாடிப் பெட்டியின் பழைய வழக்கே இது. பெட்டிதான் உலகளவு பெரிதாகிவிட்டது.

திருவனந்தபுரத்தில் எழுந்த வழக்கு

தாம் ஏற்றுக்கொண்ட இலவச உதவிக்காகப் பிறருடைய தகவலை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி, 2020-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் மீதே எழுந்தது. அது புகைப்படம் பற்றிய வழக்கன்று. நோய்த் தகவல் பற்றியது. ஆயினும் களப்பணியாளர் நன்கு படித்தறிய வேண்டிய வழக்கு அது போல் வேறில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் கொரோனா நோய் பரவத் தொடங்கியிருந்தது. வெளிநாடுகளிலிருந்து திரும்பியோர், வீடுகளில் தனிமைப்படுத்தப்பட்டோர், முதியோர், பிற நோயுடையோர் ஆகியோரின் விவரங்களை ஊழியர் வீடு வீடாகச் சென்று திரட்டினர். பெருகிவரும் விவரங்களை வகைப்படுத்தத் தன்னிடம் போதிய வசதி இல்லையென்று கருதிய மாநில அரசு, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்க்ளர் நிறுவனத்தின் உதவியை ஏற்றது. அதன் நிறுவனர் கேரளத்தைச் சேர்ந்தவர். செப்டம்பர் மாதம் வரை கட்டணமில்லை. தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் 2020 ஏப்ரல் 2-ஆம் நாள் ஆணையில் ஒப்பமிட்டார். சட்டத் துறையின் கருத்து முன்னதாகக் கேட்கப்படவில்லை. பூசல் எழுந்தால் நியூயார்க் நீதிமன்றங்களே விசாரிக்கும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. களப்பணியாளர் கையிலிருந்த விவரப் படிவம் தொடக்கத்தில் நிறுவனத்தின் இணைய முகவரிக்கே நேராகச் சென்றது.

எதிர்க்கட்சித் தலைவர் ஏப்ரல் மாதம் இரண்டாம் வாரத்தில் இதனை வெளிப்படுத்தினார். வழக்குகள் கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தன. அரசின் தரப்பில் கூறப்பட்ட வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தகவல்கள் இந்தியாவிலேயே, மும்பையிலுள்ள அமேசான் நிறுவனத்தின் இயந்திரங்களில் வைக்கப்பட்டுள்ளன, உரிமை அரசுடையது, உயிர்காக்கும் அவசரத்தில் ஒப்பந்தப் புள்ளி கோரிக் காத்திருக்க இயலாது என்பன அவ்வாதத்தின் கூறுகள். நிறுவனமும் தகவலைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று மறுத்தது.

நீதிபதிகள் தேவன் இராமச்சந்திரன், டி. ஆர். இரவி ஆகியோர் 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் இடைக்கால உத்தரவு பிறப்பித்தனர். நோய்த்தடுப்பு முயற்சிக்கு இடையூறாகாவண்ணம் ஒப்பந்தத்தை அவர்கள் ரத்துச் செய்யவில்லை. ஆனால் அதுவரை திரட்டிய விவரங்களில் ஆளை அடையாளங் காட்டும் யாவற்றையும் நீக்கிய பின்னரே நிறுவனம் அவற்றைக் காணலாம் என்றனர். இனிமேல் விவரம் பெறப்படும் ஒவ்வொருவரிடமும் இது வெளி நிறுவனம் ஒன்றுக்கும் எட்டக்கூடும் என்று சொல்லி, அவர் சம்மதத்தைப் பெறவேண்டும் என்றனர். நிறுவனம் அவ்விவரங்களை வாணிபத்திற்குப் பயன்படுத்துவதற்கும் தடை விதித்தனர். நோய்க் கொள்ளை ஒழிந்தபின் தகவற் கொள்ளை தொடரலாகாது என்னும் கவலையை நீதிமன்றம் வெளிப்படையாகவே தெரிவித்தது. மே மாதம் 21-ஆம் நாளளவில் அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. விவரங்கள் யாவும் திருவனந்தபுரத்திலுள்ள அரசு நிறுவனமாகிய சி-டிட் என்னும் படிமத் தொழில்நுட்ப வளர்ச்சி மையத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டன. ஸ்பிரிங்க்ளர் ஊழியர் எவரும் அவற்றைக் காண இயலாது என நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. தகவல் விற்கப்பட்டது என்றோ கசிந்தது என்றோ அந்த இடைக்கால உத்தரவு முடிவு கூறவில்லை. தீங்கு விளைந்த பின்னர்தான் கேள்வி எழவேண்டும் என்பதில்லை. கேட்காமல் கொடுத்ததே கேள்விக்குரியது என்பது அதன் அடிப்படை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசாங்கமே தன் மக்கள் சார்பில் வாய்திறவாமல் ஒப்பமிட இயலாதென்றால், ஓர் ஊழியர் தம் கைப்பேசியில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவது நூறு குடும்பங்களைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்றே கொள்ளவேண்டும்.

மற்றது, பரிகாரம் பற்றியது. அடையாளத்தை நீக்குக என்று நீதிமன்றம் பணித்தபோது அது செய்யத்தக்க காரியமாய் இருந்தது. அட்டவணையிலிருந்து பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய பத்திகளை நீக்கினாலும், வயதும் நோயும் கொண்ட எஞ்சிய பகுதி ஆராய்ச்சிக்கு உதவும். புகைப்படத்தில் இது இயலாது. முகத்தை நீக்கினால் படம் இல்லை. முகம் இருந்தால் அடையாளம் இருக்கிறது. ஆதலின் அட்டவணைக்குக் காட்டும் கவனத்தினும் கூடுதலான கவனத்தைப் படம் வேண்டுகிறது. நடைமுறையிலோ இதற்கு நேர்மாறாக, பதிவேட்டைப் பூட்டி வைப்பவரே படங்களைத் திறந்து வைக்கின்றனர்.

களத்திலும் பள்ளியிலும்

அரசுத் திட்டங்கள் பலவற்றில் படம் எடுப்பது இன்று பணியின் ஒரு பகுதி. ஊரக வேலைத் திட்டத்தில், வேலைக்கு வந்தோரை இடக்குறிப்போடு நாளுக்கு இருமுறை படம் எடுப்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அரசுச் செயலியின் வழியே செல்லும் படம் எங்கு செல்கிறதென்பது அரசின் பொறுப்பு. ஆனால் கைப்பேசி ஊழியரின் சொந்தப் பொருளாய் இருக்கும் இடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. செயலி கேட்ட படத்தைச் சிலர் முதலில் சாதாரண முறையில் எடுத்துப் பின்னர் ஏற்றுகின்றனர். முதற்படம் கைப்பேசியின் தொகுப்பில் தங்குகிறது. அங்கிருந்து இரவில் வைஃபை இணைப்புக் கிடைத்தவுடன் ஊழியரின் சொந்தக் களஞ்சியத்திற்குப் போகிறது. அங்கே அவர் மகளின் பிறந்தநாட் படத்திற்கு அடுத்ததாக, எடை குறைந்த குழந்தை ஒன்று தராசில் கிடத்தப்பட்ட படமும் வரிசையில் நிற்கிறது. களஞ்சியத்தின் முகங்கண்டறியும் பொறி இரண்டையும் வேறுபாடின்றி எண்ணாக்குகிறது.

சுகாதார ஊழியர் அறிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2021 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. நோயுற்ற தம் சிறு மகனின் உடற்பகுதியை, மருத்துவர் பார்வைக்கு அனுப்பும்பொருட்டுத் தந்தை ஒருவர் படம் எடுத்தார். படம் தானாகவே கூகிள் களஞ்சியத்தில் ஏறியது. குழந்தைகளுக்கு எதிரான கொடுமைப் படங்களைக் கண்டுபிடிக்க அமைத்த பொறி இதனையும் அவ்வகையதென்று குறித்தது. போலீசார் விசாரித்துக் குற்றமில்லை என்றனர். ஆயினும் அவர் கணக்கு மீட்டுக் கொடுக்கப்படவில்லை. பல்லாண்டுப் படங்களும் மின்னஞ்சலும் அதனுடன் போயின. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2022 ஆகஸ்டில் இதனை வெளியிட்டது. கொடுமைப் படங்களைத் தேடுவது தக்க செயலே. ஆனால் களஞ்சியத்தார் படங்களைக் காண வல்லவர் என்பதும், பிழை நேர்ந்தால் முறையிடும் இடம் மிகத் தொலைவில் உள்ளது என்பதும் இதனால் விளங்கும்.

சட்டத்தின் நிலையும் மாறி வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் 2023-இல் எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்பது பொது விதி. கல்வி, சுகாதார நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. வீட்டுக்கும் சொந்தத் தேவைக்கும் ஒருவர் கையாளும் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆண்டுவிழாவில் ஆசிரியர் தம் பிள்ளையைப் படம் எடுப்பது சொந்தத் தேவை. வகுப்பு முழுவதையும் பள்ளியின் பதிவுக்காக எடுத்துத் தம் சொந்தக் கணக்கில் வைப்பதைச் சொந்தத் தேவை என்று கூறுவது அரிது.

செய்யத்தக்கவை

கேமராவின் அமைப்புகளில் இடக்குறிப்பை நிறுத்தி வைத்தல் முதற்படி. பணிக்கு இடக்குறிப்புத் தேவையான செயலி தானே அதனைக் கேட்டுப் பெறும். அலுவல் படங்களுக்கெனத் தனிக் கோப்புறை அமைத்து, தானியங்கி நகலெடுப்பிலிருந்து அதனை விலக்கி வைக்கலாம். முகங்களைத் தொகுக்கும் வசதியை அணைக்கவும் பெரும்பாலான களஞ்சியங்களில் வழியுண்டு. வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் நீங்குவதில்லை. தெளிவு குறையாதிருக்க ஆவணமாக அனுப்புவோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் நன்று.

களஞ்சியம் இன்றியமையாததாயின், பூட்டு யார் கையில் என்பதை நோக்க வேண்டும். பெரும்பாலான சேவைகளில் படங்கள் மறைகுறியாக்கப்பட்டே வைக்கப்படுகின்றன. ஆனால் திறவுகோல் நிறுவனத்திடம் இருக்கும். இது காவலாளியிடம் சாவி உள்ள கிடங்கைப் போன்றது. மற்றொரு வகையில், கைப்பேசியை விட்டுப் புறப்படும் முன்னரே படம் பூட்டப்பட்டு, சாவி உரியவரிடமே தங்கும். இதனை முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்பர். ஆப்பிள் நிறுவனம் 2022 இறுதியில் விரும்புவோர்க்கு இவ்வசதியை அளித்தது. இவ்வகையில் இயங்கும் எந்தெ என்னும் புகைப்படக் களஞ்சியத்தின் பெயர் 'என்னுடையது' என்று பொருள்படும் மலையாளச் சொல். அதன் இயந்திர நிரல்கள் 2024 முதல் எவரும் படித்தறியத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. இவ்வகைக்கும் விலை உண்டு. சாவி தொலைந்தால் நிறுவனத்தாரும் திறந்து தர இயலாது. படங்கள் போனவை போனவைதான். இலவச இடம் குறைவு. தேடும் வசதி கைப்பேசியின் ஆற்றலளவே. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அலமாரியில் வைக்கும் பழக்கமில்லாதவர் இதனை மேற்கொள்ளுமுன் யோசிக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு எளிய வழி பழைய வழியே. தலைமையாசிரியர் அறையில் உள்ள கணிப்பொறியிலும், பூட்டிய அலமாரியில் உள்ள வெளி வட்டு ஒன்றிலும் ஆக இரு பிரதிகள் இருந்தால் போதும். கேரளப் பள்ளிகளில் திருவனந்தபுரத்துக் கைட் நிறுவனத்தின் பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டாகையால், இது கடினமான வேலையன்று. வெள்ள அபாயமுள்ள இடங்களில் மூன்றாம் பிரதியை வேறு கட்டிடத்தில் வைக்கலாம்.

மாணவர்க்கு இதனைச் சொல்லால் விளக்குவதினும் செய்து காட்டுவதே சிறந்தது. இடக்குறிப்பை இயக்கி, பள்ளி மைதானத்தின் இரு மூலைகளிலும் ஆளில்லாப் படம் இரண்டு எடுக்கவேண்டும். படத்தின் விவரப் பகுதியைத் திறந்து இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கரும்பலகையில் எழுதி, விகலை வேறுபாட்டை 31-ஆல் பெருக்கினால் கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் உள்ள தூரங்கள் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றத்தால் மூலைக்கு மூலை தூரம் வந்துவிடும். பின்னர் நாடாவால் அளந்து ஒப்பிடலாம். ஐந்து பத்து மீட்டர் பிழை இருந்தால் அதுவும் ஒரு பாடமே. விடை வந்தபின், இதே கணக்கைத் தங்கள் வீட்டில் எடுத்த படத்தைக் கொண்டு அயலார் ஒருவர் செய்ய இயலுமா என்று ஆசிரியர் கேட்கலாம்.

களப்பணி அலுவலகங்களில் இன்னொரு காரியம் எஞ்சியுள்ளது. விழிஞ்ஞத்திலிருந்து வாமனபுரத்திற்கு மாற்றலாகிச் செல்லும் ஊழியர் பதிவேடுகளையும் எடை பார்க்கும் கருவியையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெறுகிறார். அவர் கைப்பேசியிலும் சொந்தக் களஞ்சியத்திலும் உள்ள படங்கள் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இரண்டாண்டு உபயோகமின்றிக் கிடக்கும் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகிள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் செயற்படுத்தத் தொடங்கியது. ஆனால் ஊழியர் நாள்தோறும் உபயோகிக்கும் கணக்கிற்கு அவ்விதி உதவாது. ஒப்படைப்புப் பட்டியலில் படங்களுக்கென ஒரு வரி சேர்த்து, எத்தனை படங்கள் அலுவலகக் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டன, கைப்பேசியிலும் களஞ்சியத்திலும் குப்பைத் தொட்டி உட்பட எந்நாளில் அழிக்கப்பட்டன என்று குறித்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டியைத் தனியே கூறக் காரணம் உண்டு: நகலெடுக்கப்பட்ட படம் அழித்த பின்னரும் கூகிள் களஞ்சியத்தின் தொட்டியில் 60 நாட்கள் கிடக்கும்.